துணைக்கு அண்ணன்

கத்திரிக்காய் வாங்கறதுக்கே காம்பப் பாத்து, திருப்பிப் பாத்து, அமுக்கிப் பாத்து வாங்கறவ நான். பாப்பாவக் கராத்தேல சேத்தறதுன்னு முடிவானதும் ஒரு மாசம் கோயமுத்தூரையே சல்லடை போட்டுச் சலிச்சேன். வெளிச்சம் இருக்குதா, பாத்ரூம் சுத்தமா இருக்குதா, வண்டி நிறுத்த எடம் இருக்குதா, கூட்டிட்டு வர்ற அம்மாமாருக்கு உக்கார நாற்காலி போட்டிருக்காங்களான்னு அத்தனையும் பாத்தேன். பாக்க வேண்டிய ஒண்ணே ஒண்ண மட்டும் பாக்கல. அதச் சொல்லத்தான் இத எழுதறேன். யாரையோ திட்டறதுக்குத்தான் எழுதறான்னு நீங்க நெனச்சா, ஆமாங்க, திட்டத்தான் போறேன். அதுல மொத ஆளு நான்தான்.

எங்க ஊடு கணபதில, சத்தி ரோட்டுல இருந்து உள்ள நாலு தெரு தள்ளி. கீழ நாங்க. மேல என்ற மச்சாண்டார் குடும்பம், ஊட்டுக்காரரோட அண்ணன். மாடிப்படி ரெண்டு ஊட்டுக்கும் பொது. அண்ணனும் தம்பியும் சேந்து நடத்தற பம்பு பட்டறையும் பொது. மச்சாண்டார் சம்சாரத்த நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். கொழம்பு வெச்சா மேல இருந்து ஒரு கிண்ணம் எறங்கும், இங்கிருந்து ஒரு கிண்ணம் ஏறும். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம்னு சனமெல்லாம் பேசும். அவங்களுக்கு ஒரே பையன், எங்களுக்கு ஒரே பொண்ணு. பையன் நாலு வயசு மூத்தவன். பெரியப்பன் மகன்னா எங்க பக்கம் கூடப் பொறந்த அண்ணன் கணக்குத்தான்.

அந்தப் பையனுக்கு ஒரு பழக்கம். பாப்பா கையப் பின்னால கொண்டு போய் முறுக்குவான். ரிமோட்டுக்காக முறுக்குவான், படிக்கட்டுல எதிர்ல வந்தா முறுக்குவான், ஒண்ணுமே இல்லீனாலும் சும்மா முறுக்குவான். நீதான் பெரியவன்னு சொல்லுன்னு சொல்லிட்டே முறுக்குவான். அவ சொன்னாலும் ஒடனே விட மாட்டான். இது எனக்குத் தெரியும். நாலஞ்சு தடவ என்ற கண்ணாலயே பாத்திருக்கேன். டேய் விட்ரா, பாவம்டான்னு சிரிச்சுட்டே சொல்லிட்டு என்ற வேலையப் பாக்கப் போயிருக்கேன்.

பாப்பாவுக்கு அப்பப் பத்து வயசு. ஒரு நா ஸ்கூல் விட்டு வந்து, பையக்கூட எறக்கி வெக்காம சமையக்கட்டு வாசல்ல நின்னு சொன்னா.

"அம்மா, அண்ணன் கைய முறுக்கறான். வேண்டாம்னாலும் விட மாட்டேங்கறான். நான் திருப்பி அடிக்கக் கத்துக்கோணும்."

இதுல புரியாம போறதுக்கு என்னங்க இருக்குது? ஒரு பத்து வயசுப் பிள்ளை இதுக்கு மேல எப்படித் தெளிவாச் சொல்லும்? நான் சிரிச்சேன். அண்ணன் தங்கச்சின்னா அப்படித்தான் கண்ணு இருக்கும்னேன். ஆனா அவ மூஞ்சில சிரிப்பு இல்ல. அப்பவே நான் மேல ஏறிப் போய், அக்கா, உங்க பையனச் சித்த கண்டிங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பதினாறு படி. அந்தப் பதினாறு படி ஏறறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. அக்கா மூஞ்சி சுண்டிப் போகும், அது மச்சாண்டார் காதுக்குப் போகும், அது பட்டறைல அண்ணன் தம்பிக்கு நடுவுல வந்து நிக்கும்னு அத்தன தூரம் யோசிச்சேன். யோசிச்சுட்டு, சரி சாமி, கராத்தேல சேத்தி உடறேன்னு சொன்னேன். வாயால நான் தீக்க வேண்டியத பத்து வயசுப் பிள்ளை கையால தீத்துக்கட்டும்னு விட்டேன். அப்ப அது பெரிய புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுது.

மொதல்ல ஒரு பேக்கரிக்கு மேல இருந்த எடம். ஏசி, சுத்தியும் கண்ணாடி, பாட்டுப் போட்டு உதைக்கறாங்க. தன்னம்பிக்கை வளரும், ஸ்டேஜ் பயம் போகும்னு அங்கிருந்தவர் என்கிட்ட முக்கால் மணி நேரம் பேசுனாரு. பாப்பா பக்கம் திரும்பவே இல்ல. அடுத்தது ஒரு மைதானத்துல சிலம்பம். நல்ல வாத்தியார்தான், கம்பு சுத்தறதப் பாக்க அழகாத்தான் இருந்துச்சு. பாப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு என்ற முந்தானையப் பிடிச்சு இழுத்து, படிக்கட்டுல கம்ப எப்படிம்மா சுத்தறதுன்னு கேட்டா. அவ எதுக்கு வந்தாங்கறத அவ ஒரு நிமிசம்கூட மறக்கல. நான்தான் வெள்ளையாத் தொவச்ச சீருடையப் பாத்துட்டு நின்னேன்.

மூணாவது எடம் மாதா கோயிலுக்குப் பின்னால இருக்கற ஹால். பெஞ்செல்லாம் ஓரமா அடுக்கிட்டு வாரத்துல மூணு நாள் அங்க ஒரு டீச்சர் கராத்தே சொல்லிக் குடுத்தாங்க. கான்வென்ட்டுல பி.டி. டீச்சராம். அம்பது வயசு இருக்கும். மத்த எடத்துல எல்லாம் என்னைத்தான் கேட்டாங்க. இவங்க என்னைய நாற்காலில உக்காரச் சொல்லிட்டு, பாப்பா முன்னால குத்த வெச்சு உக்காந்து, எதுக்குக் கண்ணு கத்துக்க வந்தேன்னு கேட்டாங்க. பாப்பா என்னை ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுச் சொல்லிப்போட்டா. டீச்சர், எந்தக் கைய முறுக்கறான், முன்னால நின்னு பிடிக்கறானா பின்னால வந்து பிடிக்கறானான்னு வரிசையாக் கேட்டுட்டு, தன் கையவே நீட்டி, அவன் முறுக்கற மாதிரியே முறுக்கு பாக்கலாம்னாங்க. பாப்பா முறுக்குனா. பத்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு சரியா முறுக்கத் தெரிஞ்சுது. டீச்சர் மூஞ்சி மாறுனத நான் பாத்தேன்.

அன்னைக்கு அவங்க அடிக்கவே சொல்லிக் குடுக்கல. விடுன்னு கத்தச் சொன்னாங்க. பாப்பாவுக்கு மொதல்ல சத்தமே வரல. காத்துதான் வந்துச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் நின்னு காத்திருந்துச்சு, ஒருத்தரும் சிரிக்கல. எத்தனாவது தடவையோ தெரியல, ஹாலே அதிர்ற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. என்ற பிள்ளைகிட்ட அப்படி ஒரு சத்தம் இருக்கறது எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். முடிஞ்ச பொறவு டீச்சர் என்கிட்ட வந்தாங்க. கொரல் தாழ்த்தித்தான் சொன்னாங்க.

"கத்தறதுக்கு நான் சொல்லிக் குடுத்தர்றேனுங்க. கத்துனா வந்து கேக்கறதுக்கு ஊட்டுல ஆள் இருக்கோணுமுங்க."

எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. எங்க ஊட்டு விசயத்தச் சொல்ல இந்தம்மா யாருன்னு வந்துச்சு. கோவம் வந்தா எங்க ஊர்ல சத்தம் போட மாட்டோமுங்க. மரியாதையாத்தான் குத்துவோம். டீச்சருக்குச் சொந்த ஊர் எதுங்கன்னு சிரிச்சுட்டே கேட்டேன். இங்கதானுங்கன்னாங்க. பூர்வீகம் எங்கீங்கன்னேன். பொள்ளாச்சிப் பக்கமுங்கன்னாங்க. பொள்ளாச்சில எந்தப் பக்கமுங்க, குலதெய்வம் எதுங்கன்னு அடுத்த படிக்கும் போனேன். அந்தக் கேள்வி எதுக்குக் கேக்கறாங்கன்னு இந்த மண்ணுல பொறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? ஜன்னல் வழியா மாதா கோயிலக் கையக் காட்டிச் சிரிச்சுட்டு, புதங்கிழமை கூட்டிட்டு வாங்க, பிள்ளைகிட்ட நல்ல சத்தம் இருக்குதுன்னு மட்டும் சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப வண்டில பின்னால உக்காந்துட்டு பாப்பா விடு விடுன்னு கத்திட்டே வந்தா. சிக்னல்ல பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் சிரிச்சுட்டு, யாரைங்க்கா பாப்பா விடச் சொல்லுதுன்னு கேட்டாரு. எனக்கு மானமே போச்சு. சும்மா வான்னு அதட்டுனேன். ஊட்டுக்காரர்கிட்ட, அங்க பசங்களும் பொண்ணுங்களும் ஒண்ணாக் கட்டி உருளறாங்க, நம்ம பிள்ளைக்குச் சரிப்படாதுன்னு சொன்னேன். அது பொய் இல்ல. ஆனா காரணமும் அது இல்ல.

அவர் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வரி போட்டாரு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துருச்சு. நம்ம கூட்டத்துக்காரர் ஒருத்தர் கராத்தே மாஸ்டர், கிட்டத்துலயே கிளாஸ் எடுக்கறார்னு. எங்க சனத்துல கூட்டம், அதாவது வம்சம், ஒண்ணா இருந்தா குலதெய்வமும் ஒண்ணு. முன்னப் பின்ன பாத்தே இருக்க வேண்டாம், அத்தன பேரும் பங்காளிங்க, அண்ணன் தம்பி முறை. பொண்ணு குடுக்கல் எடுக்கல் கெடயாது. அதனால பங்காளி ஆம்பள ஒருத்தர் நம்ம பிள்ளை கையத் தொட்டுச் சொல்லிக் குடுத்தா அது அப்பன் தொட்ட மாதிரின்னு ஒரு நெனப்பு. எங்க பயமெல்லாம் வெளியாள் கை மேலதான். உள்ளாள் கை மேல ஒருத்தருக்கும் பயம் வராது. வரவும் கூடாது. வந்தா அது குடும்பத்துக்குக் கேவலம்.

மாஸ்டர் தங்கமான மனுசன். அதுதான் கொடுமை. முகூர்த்தம் இல்லாத நாள்ல ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால்ல கிளாஸ் நடத்துனாரு. போனதும் காப்பி வரவெச்சு, மாஸ்டர்ன்னு கூப்பிடாத சாமி, உனக்கு நான் சித்தப்பன்னு பாப்பாகிட்டச் சொன்னாரு. நம்ம பாப்பா மேல வேற ஒருத்தன் விரல் படாதுங்கன்னு எங்களுக்கு வாக்குக் குடுத்தாரு. பொறவு எங்க குடும்பத்த விசாரிச்சுட்டு, மேல அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கறானல்லங்க, பொம்பளப் பிள்ளையத் தனியா எதுக்கு அனுப்பறீங்க, அவனையும் சேத்தி விட்ருங்க, துணைக்கு அண்ணன் ஆச்சுன்னாரு.

ஊட்டுக்காரருக்கு அது சரியாப் பட்டுது. மேல அக்காவுக்கு ஒரே சந்தோசம். போனத் தின்னுட்டுக் கெடக்கறான், ஒடம்பாவது வளையட்டும்னாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எதுக்காக இந்தக் கராத்தேன்னு அந்த எடத்துல தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். சரிங்க்கான்னு சொன்னேன். இப்ப நெனச்சா என்ற வாய நானே அறைஞ்சுக்கலாம்னு இருக்குது. சரிங்க்கான்னுதான் சொன்னேன்.

பாப்பா மேசைல வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்தா. பென்சில் நின்னுச்சு. அவனுமான்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அங்க ஒழுக்கம் சொல்லிக் குடுப்பாங்க கண்ணு, சித்தப்பா இருக்காரு, அண்ணன் மாறிருவான் பாருன்னு சொன்னேன். வாய்க்கு வந்ததச் சொல்லல, நம்பித்தான் சொன்னேன். அத நம்பறது எனக்கு அவ்வளவு வசதியா இருந்துச்சு.

கிளாஸ்ல லாக் போடறதுன்னு ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க. ஒருத்தர் கையக் குடுக்கோணும். இன்னொருத்தர் அதப் பிடிச்சு மடக்கோணும். வலி தாங்கலீனா தரைல ரெண்டு தட்டு தட்டோணும். தட்டுனா அடுத்த நொடி விட்ரோணும், அதுதான் சட்டம். இதுக்கு ஜோடி சேத்தறப்ப, பாப்பா வேறப் பசங்க கையப் பிடிக்க வேண்டாம், கூடவே அண்ணன் இருக்கறானல்லன்னு மாஸ்டர் அவங்க ரெண்டு பேரையும் ஜோடி சேத்திட்டாரு. பையன் உசரம். அவனுக்கு லாக் போட பாப்பாவுக்கு எட்டல. அதனால அவன் போடட்டும், பாப்பா குடுத்துப் பழகட்டும்னாரு. ரெண்டு வருசம் என்ற பொண்ணு அங்க கத்துக்கிட்டது அதுதான். அவன் கேட்டா கையக் குடுக்கறது.

நான் நாற்காலில உக்காந்து பாத்துட்டு இருப்பேன். பக்கத்துல உக்காந்த அம்மாமாரெல்லாம், எங்களுக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லாமப் போச்சேம்பாங்க. எனக்கு ஒரே பெருமையா இருக்கும். அவ தட்டுவா. அவன் மாஸ்டர் எங்க நிக்கறாருன்னு ஒரு தடவ பாப்பான். பொறவு விடுவான். அந்தப் பார்வைய நான் பாத்தேனா இல்லையான்னு கேட்டா, பாத்தேன்னுதான் சொல்லோணும்.

முன்னெல்லாம் அவ மணிக்கட்டு செவந்திருந்தா அதுக்கு ஒரு பேரும் இல்ல. இப்பப் பேரு வந்துருச்சு. பிராக்டிஸ். யாராச்சும் என்ன கண்ணு கைலன்னு கேட்டா நானே முந்திக்கிட்டு, கராத்தே பிராக்டிஸ்ங்கம்பேன். கேட்டவங்களும் சபாஷ்ம்பாங்க. முந்தி அவனுக்கு முரட்டுத்தனமா முறுக்கத்தான் தெரியும். எங்க அமுக்குனா எவ்வளவு வலிக்கும்னு இப்பக் கணக்காத் தெரிஞ்சுது. அத நாங்களே வண்டில வெச்சுக் கூட்டிட்டுப் போய்க் கத்துக் குடுத்தோம்.

மஞ்சள் பெல்ட்டு வாங்குனாங்க, ஆரஞ்சு வாங்குனாங்க. பல்லடத்துக்கு அக்கட்டால இருக்கற எங்க குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ரெண்டு பேர் போட்டோவும் போட்டு ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. அவன் கை அவ தோள் மேல. அண்ணனும் தங்கச்சியும் சோடியாக் கராத்தே கத்துக்குதுங்களாமேன்னு ஒறம்பறை சொந்தமெல்லாம் வந்து கன்னத்தக் கிள்ளிட்டுப் போச்சு. பாப்பா அந்த ஃப்ளெக்ஸ் பக்கமே வரல, வண்டிக்குள்ளயே உக்காந்துட்டா.

கிளாஸ் இருக்கற நாள்ல அவளுக்கு வயித்து வலி வரும். நான் ஓமத்தண்ணி வெச்சுக் குடுப்பேன். ஏஞ்சாமி, உன்ற வயித்துக்குக் கெழமை தெரியுமான்னு கிண்டல் வேற. ஒரு நா நேராவே சொன்னா, நான் நின்னுக்கறேன், இல்லீனா அந்த டீச்சர்கிட்ட விடுன்னு. அவ அவங்கள மறக்கவே இல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பச்சை பெல்ட்டு வாங்கிரு கண்ணு, நடுவுல நின்னா சனம் ஒரு மாதிரிப் பேசும்னு சொன்னேன்.

பச்சை பெல்ட்டு டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருந்துச்சு. அவளுக்குப் பன்னெண்டு நடக்குது. சாயங்காலம் அஞ்சரை மணி. மேல அவங்க ஹால்ல ரெண்டு பேரும் பிராக்டிஸ் பண்ணட்டும்னு அக்காதான் கூப்பிட்டாங்க, நான்தான் அனுப்புனேன். எங்க சமையக்கட்டுக்கு நேர் மேல அவங்க ஹாலு. நான் தோசைக்கல்லுல வெங்காயம் தேய்ச்சுட்டு இருந்தேன். மேல தரைல தட்டற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு. பொறவு கணக்கில்லாம, நிக்காம.

மேல ஆணி அடிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்னு அப்பறம் ஊரெல்லாம் சொன்னேன். பொய்யிங்க. பட்டறைக்காரர் பொண்டாட்டிக்கு ஆணி அடிக்கற சத்தம் தெரியாதா? அது உள்ளங்கை சத்தம்னு எனக்குத் தெரியும். யாரோட உள்ளங்கைன்னும் தெரியும். இப்ப விட்ருவான், இப்ப விட்ருவான்னு நெனச்சுட்டே தோசையத் திருப்பிப் போட்டேன். தட்டறது நின்ன பொறவுதான் ஒரு அலறல் கேட்டுச்சு. அதுக்கப்பறம்தான் நான் அந்தப் பதினாறு படியும் ஏறுனேன்.

வலது முழங்கை எலும்பு நகந்திருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் பாப்பாவத்தான் கேட்டாரு, எப்படிம்மா ஆச்சுன்னு. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், கராத்தே பிராக்டிஸ்ங்க டாக்டர்ன்னு. பாப்பா என்னை ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு, ஆமாங்க டாக்டர்ன்னா. ரெண்டு வருசம் முன்னால அந்த மாதா கோயில் ஹால்ல எல்லார் முன்னாலயும் உள்ளத உள்ளபடி சொன்ன பிள்ளைதான் அது.

கட்டுப் போட்டுட்டு வந்த மறுநாள் அக்கா மாதுளம்பழம் கொண்டு வந்தாங்க. பையன் கதவோரமா நின்னு சாரின்னான். அவனும் ராத்திரி சாப்பிடல அம்மணின்னு அக்கா கண்ணத் தொடைச்சாங்க. நான் அவனுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன், சக்கரை எச்சாப் போட்டு. மாஸ்டர் ஹார்லிக்ஸோட வந்தாரு. இந்தக் கலைல இதெல்லாம் சகஜமுங்க, பாப்பா கொஞ்சம் லேட்டாத் தட்டிருச்சாட்டம் இருக்குதுன்னாரு. பாப்பா லேட்டாத் தட்டிருச்சு. அதுவே முடிவாப் போச்சு. ஒறம்பறைல போன் பண்ணிக் கேட்டவங்களுக்கெல்லாம் அந்த ஒரே பதில்தான். ஊட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. அவ மட்டும் கிளாஸ நிறுத்திட்டா. அவன் பிரவுன் பெல்ட்டு வாங்குனான்.

கட்டுப் பிரிச்சு ஒரு மாசம் இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம். பாப்பா மேசைல எழுதிட்டு இருந்தா. வலது கை முழுசா நீளாது, நெஞ்சோட ஒட்டி வெச்சு எழுதுவா. நான் அடுப்படில கோழி வதக்கிட்டு இருந்தேன். பையன் காலிக் கிண்ணத்தத் திருப்பிக் குடுக்க எறங்கி வந்தான். அவ நாற்காலிக்குப் பின்னாலதான் அவன் நடந்து வரோணும். அவன் காலடி கேட்டதும் அவ நோட்டுல இருந்து தலையக்கூட நிமித்தல. எடது கைய மட்டும் பின்னால நீட்டுனா. ஊசி போட நர்ஸ்கிட்ட நீட்டற மாதிரி, உள்ளங்கை மேல பாக்க, தளர்வா.

அவனே பயந்துட்டான். என்னைப் பாத்தான், கிண்ணத்த அங்கயே வெச்சுட்டு வேகமா மேல போயிட்டான். என்ன கண்ணு பண்றேன்னு கேட்டேன். தெரியாத ஆளுக்கு வழி சொல்ற மாதிரிப் பொறுமையாச் சொன்னா.

"நானாக் குடுத்துட்டா சீக்கிரம் விட்ருவான்மா. அந்தக் கை இன்னும் வலிக்குது. அதான் இதக் குடுத்தேன்."

அடுப்ப அணைக்கல, கையக் கழுவல. மஞ்சக் கையோட படி ஏறுனேன். அவங்க மூணு பேரும் சாப்பிட உக்காந்திருந்தாங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த ஊட்டுல நான் மரியாதைக்கு ஒரு 'ங்க' போடாமப் பேசுனது அன்னைக்கு ஒரு நாள்தான். உன்ற மகன் என்ற பிள்ளை கைய ஒடச்சுப்போட்டான், ரெண்டு வருசமாச் சித்ரவதை பண்ணியிருக்கறான், அவ நாய்க்குட்டியாட்டம் கைய நீட்டறா, அதப் போய்ப் பாருன்னு கத்துனேன். மச்சாண்டார் எலைல வெச்ச கையோட உக்காந்திருந்தாரு. பையன் தலையக் குனிஞ்சுட்டான். அக்கா மட்டும் நிமிந்து பாத்தாங்க. சத்தமே போடல.

"உனக்குத் தெரியாமயா இருந்துச்சு அம்மணி? தெரிஞ்சுதான கூடச் சேத்தி அனுப்புனே."

அவங்க மேல எனக்கு எத்தனையோ ஆத்திரம் இருக்குது, சாகற வரைக்கும் இருக்கும். ஆனா அந்த ஒரு பேச்சுல ஒரு எழுத்துகூடத் தப்புன்னு என்னால சொல்ல முடியல. கோழி கீழ கருகுன வாசம் மேல வரைக்கும் வந்துச்சு. எறங்கி வந்துட்டேன்.

இப்ப நாங்க சரவணம்பட்டில வாடகை ஊட்டுல இருக்கறோம். பட்டறைய அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டாங்க. கராத்தேய சாக்கா வெச்சுக் குடும்பத்தப் பிரிச்சவன்னு ஒறம்பறைல எனக்குப் பேரு. கல்யாணம் காச்சில பந்தில பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிடறாங்க. போகட்டும். எனக்கு அதப் பத்திக் கவலை இல்ல. பேசட்டும்னு மொத நாளே விட்டிருந்தா என்ற பிள்ளை கை நேரா இருந்திருக்கும். பேசிப்போடுவாங்களேன்னு பயந்து பயந்து எதக் காப்பாத்துனேன்? அந்த ஊடும் இல்ல, பட்டறையும் இல்ல, அக்காவும் இல்ல.

பாப்பாவுக்கு இப்பப் பதினாலு. நல்லாப் படிக்கறா. எதுத்துப் பேச மாட்டா, இது வேணும்னு கேக்க மாட்டா. என்ன தங்கமான பொண்ணுங்கன்னு புது ஊட்டுப் பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க. அதக் கேக்கறப்பெல்லாம் நான் கதவச் சாத்திட்டு உள்ள வந்தர்றேன்.

போன வாரம் சத்தியமங்கலத்துல ஒரு கல்யாணம். கெளம்பறப்ப அவளுக்கு வளையல் போட்டு விடலாம்னு கூப்பிட்டேன். போன வருசத்து வளையலு, அளவு சின்னதாப் போச்சு. சோப்பு தடவி ஏத்துனேன். பெருவிரல் எலும்புகிட்ட வந்து நின்னுக்கிச்சு. கல்யாணத்துக்கு நேரமாச்சுங்கற அவசரத்துல அமுக்கித் தள்ளுனேன். அவ ஒண்ணும் சொல்லல. கையத் தளர விட்டுட்டு, மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பிட்டு நின்னா. வளையல் ஏறிருச்சு. பாத்தா தோல் வழண்டு செவந்து கெடக்குது.

ஏஞ்சாமி, வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானன்னு கேட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ திரும்பி என்னைப் பாத்தா. கோவம் இல்ல, குத்தல் இல்ல. நெசமாவே தெரிஞ்சுக்கோணும்னுதான் கேட்டா.

"சொன்னா நீ விட்ருவியாம்மா?"